சால்வைக்குள்ளே போன அட்டிகை

காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. காரைக்குடியில் குளிர்காலம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிவது இப்படித்தான், காலண்டரைப் பார்த்து இல்லை. 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை 20, 21 டிகிரி வரை இறங்கும். அவ்வளவுதான்.

இதற்கே குளிர்கால அலங்காரம் பற்றி எழுத வந்துவிட்டாயா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சிகாகோவில் இருக்கும் என் பெரியப்பா மகள் போன தை மாதக் கல்யாணத்துக்கு வந்தபோது அப்படித்தான் சிரித்தாள். "ஆச்சி, இதுக்கா ஸ்வெட்டரு?" (எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், எனக்கு 43 வயது.) மூன்றாம் நாள் காலையில் வளவில் (வீட்டு நடு முற்றம்) குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு என் சால்வையை அவளே இழுத்துப் போர்த்திக்கொண்டாள். செட்டிநாட்டு வீட்டுக் குளிர் டிகிரிக் கணக்கில் அடங்காது. வளவு வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும், பனி நேரே உள்ளே இறங்கும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைத்த சுவரில் முதுகைச் சாய்த்தால் சிலிர்க்கும், ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை வைத்தால் தூக்கம் தானாகக் கலையும். வெயிலை வெளியே நிறுத்தத்தான் இப்படிக் கட்டினார்கள், மார்கழி வந்தது தெரியாமல் வீடு பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தக் கல்யாணத்துக்கு வருகிறேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

விடிவதற்கு முன்னே முகூர்த்தம், நாலரைக்கெல்லாம் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். முந்தின நாள் இரவே எல்லாம் எடுத்து வைத்தேன். அம்மா கொடுத்த சிவப்புக் கல் அட்டிகை, அதற்குக் கீழே காசு மாலை, முத்து தொங்கும் பெரிய ஜிமிக்கி, அதன் பாரம் தாங்க மாட்டல், கை நிறைய வளையல். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது, சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையைக் கழுத்து வரை சுற்றிக்கொண்டு வண்டியில் ஏறினேன். அட்டிகை உள்ளே போனது. காசு மாலை உள்ளே போனது. வளையலும் உள்ளே போனது. மண்டபத்தில் வாசலில் பன்னீர் தெளித்தவர்களிலிருந்து பெண்ணின் அப்பத்தா வரை ஒருத்தர் கண்ணிலும் எதுவும் படவில்லை, இவ்வளவு பவுனைப் போட்டுக்கொண்டு நான் பாட்டுக்கு மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு வெயில் வந்ததும் சால்வையைக் கழற்றினால் அது வரவில்லை. ஜிமிக்கியின் முத்துக் கம்பியில் கம்பளி இழை சுற்றிக்கொண்டு, இழுக்க இழுக்க காது கூடவே வந்தது. என் அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) பொறுமையாக ஒரு கொண்டை ஊசியை வைத்து அரைமணி நேரம் பிரித்தெடுத்தார். இரண்டு முத்து எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆல்பத்தில் நான் வரும் படங்களில் எல்லாம் ஒரு சாம்பல் நிற உருண்டை, அதன் மேலே ஒரு முகம்.

வீட்டுக்கு வந்து காதில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. வெயில் காலத்துக்கு நகை போடுகிற மாதிரியே குளிருக்கும் போட்டிருக்கிறேன். நம் நகை எல்லாமே கழுத்தும் கையும் வெறுமையாகத் தெரியும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டவை. அந்த இடத்தைச் சால்வை பிடித்துக்கொண்டால் நகை வேறு இடம் பார்க்க வேண்டும். காது, மூக்கு, கொண்டை, மணிக்கட்டு, சால்வை முடிகிற இடத்தில் இடுப்பு. துணி எங்கே முடிகிறது என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைத் திறந்தால் பாதி நகை வங்கி லாக்கரிலேயே இருந்துவிடும். தங்கம் விற்கிற விலைக்கு அது வேறு நிம்மதி.

எங்கள் அப்பத்தாவுக்கு இது யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிற அப்பத்தா மார்கழிக் காலையில் கடுகு நிறத்தில் அரக்குக் கரை போட்ட கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்துக் கட்டி, இன்னொரு பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்துத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு முகப்புத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். காதில் ஏழுகல் வைரத் தோடு, மூக்கில் பேசரி, இடுப்பில் வெள்ளிச் சாவிக்கொத்து. வேறொன்றும் கிடையாது. தலை லேசாகத் திரும்பினால் தோடு ஒரு வெட்டு வெட்டும், எழுந்து நடந்தால் சாவிக்கொத்துச் சத்தம் இரண்டாங்கட்டு வரை கேட்கும். நான் பார்த்த வரையில் குளிருக்கு அதைவிட எடுப்பாக யாரும் உடுத்தியதில்லை.

கண்டாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூரில் நிறையப் பேர் வாங்குகிறார்கள், ஆனால் எல்லாரும் அதை வெயில் காலப் பருத்திச் சேலை என்றே நினைக்கிறார்கள். கெட்டி நூல், அகலக் கரை, நல்ல கனம். பட்டுக்கு அடுத்தபடி குளிருக்கு நான் நம்புவது அதைத்தான். பெரிய கட்டம் போட்ட சேலை என்பதால் மேலே போர்த்துவது ஒரே நிறமாக இருக்கட்டும், கட்டத்துக்கு மேலே காஷ்மீர்ப் பூவேலைச் சால்வையைப் போட்டால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும், நடுவில் நகை காணாமல் போகும். கறுப்பு, சாம்பல், கரும்பச்சை போதும். வீட்டு ஆண்களுக்கு விழாக்களில் போர்த்திய பொன்னாடை ஒரு அலமாரி நிறைய இருக்கிறதே, அதைப் போர்த்தலாமே என்று ஒரு தோழி கேட்டாள். போர்த்தலாம். பளபளப்பாக இருக்கும், அரிக்கும், குளிரும் தாங்காது.

காதுக்கு வருகிறேன். கம்பளிக்கும் தொங்கட்டானுக்கும் ஆகாது, இதை என் காது சொல்கிறது. காதோடு ஒட்டி உட்காரும் தோடு, கல் கம்மல், சின்ன வளையம் இவைதான் சரி. ஜிமிக்கி போட்டே ஆக வேண்டும் என்றால் சால்வையைக் கழுத்தில் சுற்றாமல் ஒரு தோளில் மட்டும் தொங்கவிடுங்கள், அல்லது பஷ்மினா, பட்டு மாதிரி வழவழவென்று இருப்பதைப் போர்த்துங்கள். திருகாணியின் முனை கூட இழையைப் பிடிக்கும், போடும்போது விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஸ்வெட்டரைத் தலை வழியாகப் போடுகிறவர்கள் முதலில் ஸ்வெட்டர், கடைசியில் தோடு. கழற்றும்போது முதலில் தோடு. இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றும். எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

வைரம் வைத்திருப்பவர்களுக்குக் குளிர்காலம் இன்னொரு விதத்தில் சோதனை. நான் வருடாவருடம் ஜனவரியில் தோடு மங்கிவிட்டது, கல் போலியோ என்று பயந்துகொண்டிருந்தேன். காரணம் ரொம்ப எளிது. தோல் வெடிக்கிறது என்று வாஸ்லின், தேங்காய் எண்ணெய், ஏதாவது லோஷன் தடவிக்கொண்டே இருப்போம், அந்தக் கையோடு தோட்டைத் திருகுவோம். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப் பசை விடாமல் ஒட்டும். தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி சுரங்கத்தில் இந்தக் குணத்தை வைத்துத்தான் வைரத்தையே பிரித்தார்கள். கிரீஸ் தடவிய மேசை மேலே அரைத்த கல்லும் தண்ணீரும் ஓடும், சாதாரணக் கல் தண்ணீரோடு போய்விடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நம் ஊர் ஆச்சிமார் 'ப்ளூ ஜாகர்' என்று அடங்கின குரலில் சொல்வார்களே, நீலம் ஓடுகிற வெள்ளைக் கல், அந்தப் பெயரே அதே நாட்டு ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்ததுதான். அங்கே கிரீஸ் செய்த வேலையை இங்கே என் காதில் வாஸ்லின் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அப்பத்தா இதற்கு வைத்திருந்த வைத்தியம் பூந்திக்கொட்டை. நாலு கொட்டையை உடைத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் நுரை வரும், அதில் தோட்டைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்துவிட்டு, தேய்ந்துபோன பழைய பிரஷ்ஷால் கல்லுக்குப் பின்பக்கம் தேய்க்க வேண்டும். முன்பக்கம் எல்லாரும் தேய்ப்பார்கள், அழுக்கு உட்காருவது பின்னால்தான். கிண்ணத்தில் தண்ணீர் கலங்குவதைப் பார்த்தால் இவ்வளவையும் காதில் சுமந்தோமா என்று கூச்சமாக இருக்கும். வாஷ்பேசினில் மட்டும் செய்யாதீர்கள், தாம்பாளத்தின் மேலே கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள், திருகாணி உருண்டு ஓடும். பின்னால் தகடு வைத்து மூடிக் கட்டின சிவப்புக் கல் நகைகளை இப்படித் தண்ணீரில் போடவே கூடாது, உள்ளே ஈரம் இறங்கித் தகடு கறுத்தால் கல்லும் செத்துப்போகும். முத்தும் ஊறக்கூடாது. அவற்றுக்கு உலர்ந்த மெல்லிய துணி போதும்.

வைரத்துக்கு வெளிச்சமும் பார்க்க வேண்டும். வானம் மூடிக்கிடக்கிற பனிக்காலைப் பொழுதில், வளவில் மேலேயிருந்து ஒரே சீராக இறங்குகிற வெளுத்த வெளிச்சத்தில் வைரம் அவ்வளவு பேசாது. முத்து பேசும், மஞ்சள் தங்கம் பேசும். அதே வைரத்தைக் குத்துவிளக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் சுடர் அசைய அசைய ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பொறி பறக்கும். விடியலுக்கு முன்னே கோயிலுக்குப் போவதானால் வைரம், விடிந்து எட்டு மணிக்கு விருந்துக்குப் போவதானால் முத்து. என் கணக்கு இது, நகைக்கடைக்காரர்கள் வேறு சொல்லலாம்.

இந்தச் சுடர் விஷயத்தில் எங்களுக்கென்று ஒரு நாள் உண்டு. பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, புது வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலைத் திரியாக்கி, மாவில் வைத்துக் கொளுத்தி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம், இழை எடுத்துக்கொள்வது என்போம். எங்கள் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) எந்த நாட்டில் இருந்தாலும் விடமாட்டார்கள். பனி இறங்குகிற நேரம், எல்லாரும் நல்ல பட்டு, நல்ல நகை, வரிசையாகக் குளிரில் நின்றுகொண்டிருப்போம். அன்றைக்குச் சுடர் முகத்துக்கு அத்தனை கிட்டே வரும்போது வைரத் தோடு எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட முடியாது. ஆனால் அதே காரணத்துக்காக, அன்றைக்குக் குஞ்சம் வைத்த சால்வை வேண்டாம், பாலியஸ்டர் எதுவும் வேண்டவே வேண்டாம், நெருப்பு பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு பருத்தி பனியனைப் போட்டுக்கொண்டு மேலே பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறேன் நான். குளிரத்தான் செய்யும், பத்து நிமிஷம்தானே.

அப்புறம் மோதிரம். குளிரில் விரல் சுருங்கும், ரத்தம் உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்வதால் தோல் இறுகிவிடும், சித்திரையில் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்த மோதிரம் மார்கழியில் தானாகச் சுழலும். போன வருடம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது என் கல் மோதிரம் கழன்றது எனக்கே தெரியவில்லை. கை விறைத்துக் கிடந்தது, மாவு வேறு. காபி குடிக்கும்போது விரலைப் பார்த்துவிட்டு அலறி, வாசல் முழுக்க டார்ச் அடித்துத் தேடி, பூசணிப்பூ வைத்த சாணி உருண்டைகளைக்கூடப் பிசைந்து பார்த்தாயிற்று. கடைசியில் கோலமாவுக் கொட்டாங்கச்சிக்குள் அடியில் இருந்தது. அதற்காக ஆசாரியிடம் கொடுத்து மோதிரத்தைச் சின்னதாக்கிவிடாதீர்கள், பங்குனி வந்தால் திரும்ப விரல் பருக்கும். உள்பக்கமாக நூலைச் சுற்றுங்கள், நம் அம்மாக்கள் எல்லாம் செய்ததுதான். அரக்கு நிற நூலாக இருந்தால் அழுக்கும் தெரியாது.

வெள்ளிக்கும் கம்பளிக்கும் பகை என்பது எனக்குத் தாமதமாகத் தெரிந்த இன்னொன்று. கம்பளி ஆட்டு ரோமம், அதில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதே கந்தகம்தான். நான் என்ன செய்தேன் என்றால், கொலுசு கீறாமல் இருக்கட்டும் என்று பழைய கம்பளியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து எடுத்தால் அடுப்புக்கரி மாதிரி வந்தது. திருநீற்றைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்தேன். இப்போது பருத்தித் துணிதான்.

அந்த வெள்ளிச் சாமானில்தான் என் இப்போதைய பெருமை இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும், வெளியூர்க்காரர்கள் தூணும் நிலைக்கதவும் பார்க்கப் போவார்கள், நான் சில்லறைச் சாமான் கிடக்கும் டப்பாவைக் கிளறப் போவேன். அங்கே ஒரு சாவிக்கொத்து கிடைத்தது, அன்னப்பட்சி வைத்தது, பின்னால் இடுப்பில் செருகத் தட்டையான கொக்கி. சாவி எதுவும் இல்லை. சேலை கட்டி மேலே குட்டைச் சால்வை போட்டால் விளிம்புக்குக் கீழே இடுப்பில் அது மட்டும் தெரிகிறது, பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். அம்மாவின் மயில் புரோச்சையும் தூசி தட்டி எடுத்திருக்கிறேன், ஒரு காலத்தில் எல்லாரும் சேலைத் தோளில் குத்திக்கொண்டார்களே அதேதான், இப்போது சால்வையின் இரண்டு முனையையும் அது பிடித்துக்கொள்கிறது. தடித்த சால்வையில் குத்துங்கள், மெல்லிய பஷ்மினாவில் குத்தினால் ஓட்டை நிற்கும்.

சிகாகோக்காரியும் சும்மா இல்லை. அங்கே வெளியில் மைனஸில் இருக்கும்போது தோட்டுத் தண்டு காதுக்குள்ளே ஊசியாகக் குத்துகிறதாம். தங்கம் சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், வெள்ளி அதைவிட வேகம், அதனால் தெருவில் நடக்கும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய் மாட்டிக்கொள்கிறாளாம். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். கழுத்து வரை மூடின கறுப்பு ஸ்வெட்டர், ஒரு கோடு, ஒரு பூ கிடையாது, அதன் மேலே எங்கள் ஆயாவின் காசு மாலை மட்டும். காதில்கூட ஒன்றுமில்லை. நான் மூடி மறைத்ததை அவள் துணிக்கு மேலே எடுத்துப் போட்டுவிட்டாள். நீளமான மாலைக்கு இது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறேன், பொறாமையாகவும் இருந்தது. அட்டிகைக்கு இது சரிவராது, போட்டுப் பார்த்துவிட்டேன், ஸ்வெட்டர் காலர் மேலே ஏறிக்கொண்டு நாய்க்குப் பட்டை கட்டின மாதிரி இருக்கிறது.

வருகிற தையில் திரும்ப ஒரு விடியற்காலைக் கல்யாணம். கடுகு நிறக் கண்டாங்கி, கறுப்புச் சால்வை, மயில் புரோச், பூந்திக்கொட்டையில் குளித்த தோடு, இடுப்பில் அன்னப்பட்சி. மோதிரத்துக்கு நூல் சுற்றியாகிவிட்டது. நேற்று அம்மாவிடம் போனில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டு, "அட்டிகை?" என்றார்.

"அதைப் போடலைம்மா, சால்வைக்குள்ள தெரியாது."

"அப்ப எடுத்துக்கிட்டு வா, நான் போட்டுக்கிறேன். எனக்குச் சால்வையெல்லாம் வேண்டாம்."